குப்பையில் போட்ட மருந்து

மரியதாசனின் முப்பத்தோராம் நாள் பூசை முடிந்து, கோவில் மண்டபத்தில் சாப்பாடு நடந்துகொண்டிருந்தது. ஜெயமலர் தண்ணீர்ப் போத்தல்களை ஒரு தட்டில் அடுக்கிக்கொண்டு மேசை மேசையாகப் போனாள். புருஷனைப் பறிகொடுத்தவள் பரிமாறக் கூடாது என்று இரண்டு பேர் தடுத்தும் அவள் கேட்கவில்லை. உட்கார்ந்தால் யாராவது பக்கத்தில் வந்து கையைப் பிடித்துக்கொள்வார்கள் என்ற பயம்.

கடைசி மேசையில் அவள் கொழுந்தன் பாக்கியதாசன், டெக்ஸாஸில் பிளானோவிலிருந்து வந்தவர், வேறு இரண்டு பேரோடு பேசிக்கொண்டிருந்தார். ஜெயமலர் பின்னால் வருவதை அவர் பார்க்கவில்லை.

"அண்ணைக்கு நான் அப்பவே மருந்து அனுப்பினனான். இவை அதைக் குப்பையில போட்டிட்டினம். குடிச்சிருந்தா மனுசன் இண்டைக்கு உயிரோட இருந்திருப்பார்."

ஜெயமலர் தட்டை அடுத்த மேசையில் வைத்தாள். பிறகு அதையே எடுத்துக்கொண்டு சமையற்கட்டுக்குத் திரும்பிப் போனாள். அன்று முழுக்க அவள் பாக்கியதாசனோடு பேசவில்லை. விமான நிலையத்துக்குப் புறப்படும்போது அவர் வந்து சொல்லிக்கொண்டார். தலையை மட்டும் ஆட்டினாள்.

இவை என்று அவர் மரியாதைக்குப் பன்மையில் சொன்னார். குப்பையில் போட்டது ஜெயமலர் மட்டும்தான்.

அவளுக்கு அப்போது ஐம்பத்தெட்டு வயது. ஜெர்சி சிட்டியில் ஜேர்னல் ஸ்குவேர் ரயில் நிலையத்திலிருந்து நடந்து போகிற தூரத்தில் ஒரு அடுக்குமாடியில் வீடு. நியூபோர்ட்டில் ஒரு டேகேரில் சின்னப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிற வேலை. மரியதாசன் ஊரில் நில அளவைத் திணைக்களத்தில் படம் வரைபவராக இருந்தவர். இங்கே ஒரு வங்கியின் கணினிப் பிரிவில் ஒப்பந்தக்காரராக இருந்தார். இளவாலையில் கல்யாணம் முடித்து, மகள் நிலக்சி கைக்குழந்தையாக இருந்தபோது, தொண்ணூற்றைந்தில் யுத்தத்தால் நடந்த இடப்பெயர்வில் எல்லோரோடும் சேர்ந்து வன்னிக்குப் போனவர்கள். அக்கராயன் பக்கம் ஒரு வயல் ஓரத்தில் தறப்பாள் கூரை போட்ட கொட்டிலில் ஒன்றரை வருடம் இருந்தார்கள். பாக்கியதாசனும் அந்தக் கொட்டிலில்தான் இருந்தார். மாரி மழையில் செருப்புகள் சேற்றில் மாட்டி அறுந்துபோன பிறகு பெரியவர்கள் மூவரும் வெறுங்காலோடுதான் திரிந்தார்கள். மலசலம் கழிக்கப் பற்றைக் காட்டுக்குத்தான் போக வேண்டும். நிலக்சி நடக்கத் தொடங்கியபோது மரியதாசன் எங்கேயோ அலைந்து ஒரு சோடி ரப்பர்ச் செருப்புக் கொண்டுவந்து போட்டுவிட்டார். அது தேய்ந்ததும் இன்னொன்று.

அமெரிக்கா வந்த பிறகு அந்தக் காலத்தைப் பற்றி அவர்கள் அதிகம் பேசுவதில்லை. பேசி என்ன ஆகப்போகிறது.

மரியதாசனுக்கு ஒரு தொல்லை மட்டும் இருந்தது. வருடத்துக்கு மூன்று நாலு தரம் இடுப்பிலோ தொடையிலோ தோல் கோடு போலத் தடித்துவிடும். சும்மா தடிப்பதில்லை, பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்தக் கோடு நீளும். தாங்க முடியாத அரிப்பு. "எறும்பு ஊருது, மலர்" என்று கூப்பிடுவார். ஜெயமலர் கலமைன் பூசிவிடுவாள். மறுநாள் பார்த்தால் ஒரு அடையாளமும் இருக்காது. மருத்துவரிடம் காட்டப் போகிற நாளில் தோல் சுத்தமாக இருக்கும். இரத்தத்தில் ஒருவகை வெள்ளை அணு கொஞ்சம் கூடுதலாக இருக்கிறது, ஒவ்வாமைக்காரருக்கு அப்படித்தான் என்று சொல்லி ஒரு குளிசை எழுதிக் கொடுத்தார்கள். அதற்குப் பிறகு அவர் அதைப் பற்றிச் சொல்வதையே விட்டுவிட்டார். ஜெயமலரும் விட்டுவிட்டாள்.

பாக்கியதாசன் மருந்து அனுப்பியது கொரோனாக் காலத்தில். அந்த நாட்களில் அவர் அனுப்பாத காணொளி இல்லை. ஐவர்மெக்டின் குடித்தால் கொரோனா கிட்ட வராது, டாக்டர்மார் மறைக்கிறார்கள் என்று காலையில் ஒன்று, மாலையில் ஒன்று வரும். கடைசியில் ஒரு பொதியே வந்தது. திறந்து பார்த்தால் தடித்த ஊசிக்குழாய் போன்ற ஒன்று, அதற்குள் பசை. மேலே குதிரைப் படம். தானும் அதைத்தான் எடுக்கிறேன் என்று பாக்கியதாசன் தொலைபேசியில் சொன்னார். மரியதாசன் அதைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தம்பி சும்மா சொல்லமாட்டான், கொஞ்சம் எடுத்துப் பார்த்தால் என்ன என்றார். அவர் ஏற்கெனவே இருதயத் துடிப்புச் சீரில்லாமல், இரத்தம் உறையாமலிருக்க ஒரு மருந்து எடுத்துக்கொண்டிருந்தவர். ஜெயமலருக்குக் கோபம் வந்தது. மிருகத்துக்குக் கொடுக்கிறதை மனிதர் சாப்பிடுவதா என்று பிடுங்கிக்கொண்டு போய், நடைபாதைக் கடைசியிலிருந்த குப்பைக் குழாயில் போட்டுவிட்டு வந்தாள். மரியதாசன் சண்டை பிடிக்கவில்லை. தம்பியிடம் வேண்டுமானால் குடித்துவிட்டேன் என்று சொல்லிவிடுகிறேன் என்று சிரித்தார். சொல்லவில்லை போலிருக்கிறது, உள்ளதைத்தான் சொல்லியிருக்கிறார்.

போன வருடம் குளிர்காலத்தில் அவருக்குத் தோள்மூட்டும் இடுப்பும் பிடித்துக்கொண்டன. காலையில் கட்டிலை விட்டு எழும்ப முடியாது. சேர்ட்டுக்குள் கை நுழைக்க ஜெயமலர் வேண்டும். நிபுணர் பார்த்தார், வயதானவர்களுக்கு வருகிற ஒரு தசை வாதம் என்றார், ஸ்டீரொயிட் குளிசை தொடங்கினார். மந்திரம் மாதிரி வேலை செய்தது. சில நாட்களிலேயே மரியதாசன் தானாகச் சீப்பெடுத்துத் தலை இழுத்துக்கொண்டார். ஐசலினுக்குப் போய் ஓக் ட்ரீ ரோட்டில் சாமான் வாங்கி, பைகளைத் தானே தூக்கி வந்தார். இந்த மருந்தை முதலே தந்திருக்கலாமே என்று சொல்லிச் சொல்லிச் சந்தோஷப்பட்டார். அந்த இரண்டு மாதமும் அவர் வீட்டில் பாடிக்கொண்டு திரிந்தது ஜெயமலருக்கு இப்போது நினைக்க முடியாத ஒன்றாகிவிட்டது.

பிறகு வயிற்றுவலி வந்தது. சாப்பாடு நிற்கவில்லை. இருமல் தொடங்கி, சளியில் இரத்தம் கண்டது. ஆஸ்பத்திரியில் அனுமதித்தபோது இரத்தத்தில் கிருமி கலந்திருப்பதாகச் சொன்னார்கள். நுரையீரல் வீங்கியிருக்கிறது என்று ஸ்டீரொயிட்டின் அளவைக் கூட்டினார்கள். கூட்டக் கூட்ட ஆள் விழுந்துகொண்டே போனார். மூச்சுக்குழாய் போட்ட பிறகு, சளியை நுணுக்குக்காட்டியில் வைத்துப் பார்த்த யாரோ அதில் புழு நெளிவதைக் கண்டார்கள்.

அதன் பிறகுதான் தொற்றுநோய் நிபுணர் ஷ்யாமளா வந்தார். சென்னைக்காரி, நாற்பது வயதிருக்கும். ஜெயமலர் தமிழ் என்று தெரிந்ததும் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு எதிரே உட்கார்ந்தார்.

"ஆன்ட்டி, அங்கிள் எப்பவாவது ரொம்ப நாள் வெறுங்கால்ல சேத்து மண்ணுல நடந்திருக்காரா? எவ்ளோ வருஷம் முன்னாடியா இருந்தாலும் சொல்லுங்க."

இத்தனை வருடத்தில், இத்தனை மருத்துவர்களில், அந்தக் கேள்வியை யாரும் கேட்டதில்லை. ஜெயமலர் அக்கராயனைச் சொன்னாள். தோலில் ஊர்ந்த கோட்டையும் சொன்னாள். ஷ்யாமளா கண்ணை மூடித் திறந்தார். பாதத் தோலைத் துளைத்துக்கொண்டு உள்ளே போகிற ஒரு புழு அது என்றும், மற்றப் புழுக்களைப் போலச் சில வருடத்தில் சாகாமல் குடலிலேயே பெருகிப் பெருகி முப்பது நாற்பது வருடம் சத்தமில்லாமல் இருக்கும் என்றும் விளக்கினார். உடம்பின் காவல் அதை அடக்கி வைத்திருக்கிறது. ஸ்டீரொயிட் அந்தக் காவலைக் கீழே இறக்கிவிடும். அப்போது அது குடலை விட்டு எல்லா இடத்துக்கும் பரவும், குடலிலுள்ள கிருமிகளையும் கூட்டிக்கொண்டு.

மருந்து இருக்கிறதா என்று ஜெயமலர் கேட்டாள். ஷ்யாமளா பெயரைச் சொன்னார். ஐவர்மெக்டின்.

மூக்குக் குழாய் வழியாகத் தினமும் கொடுத்துப் பார்த்தார்கள். கண் திறக்காமலே மரியதாசன் போய்விட்டார்.

பாக்கியதாசனுக்கு மருந்தின் பெயரைச் சொன்னது நிலக்சிதான். அப்பாவுக்கு என்ன நடந்தது என்று சித்தப்பா கேட்டார், உள்ளதைச் சொன்னாள். அதைக் கொண்டு அவர் இப்படி ஒரு முடிவுக்கு வருவார் என்று அவள் நினைக்கவில்லை.

வீட்டிலிருந்த எல்லோரையும் பரிசோதிக்க வேண்டும் என்று ஷ்யாமளா சொல்லியிருந்தார். நிலக்சிக்கு ஒன்றுமில்லை. ஜெயமலருக்கு இருந்தது. முப்பத்தோராம் நாள் கழிந்து முடிவைச் சொல்லக் கூப்பிட்ட அன்று மகளும் கூட வந்தாள். அறைக்குள் போனதும் ஜெயமலர் தன் முடிவைப் பற்றிக் கேட்கவில்லை. குதிரைப் பசையைப் பற்றிக் கேட்டாள். அனுப்பியது, பிடுங்கியது, குப்பைக் குழாயில் போட்டது எல்லாவற்றையும் சொன்னாள். நிலக்சிக்கு அது புதிய செய்தி. அவள் தாயின் முகத்தைப் பார்த்தபடி நின்றாள்.

"நான் அதைப் போடாம விட்டிருந்தா அவர் இருந்திருப்பாரா? எனக்கு உள்ளதைச் சொல்லுங்கோ டொக்டர். ஆறுதலுக்குச் சொல்ல வேண்டாம்."

ஷ்யாமளா கையிலிருந்த முடிவுத் தாளை மேசையில் வைத்தார். பிறகு மெதுவாகப் பேசினார். மருந்து அதே மருந்துதான், அதில் பொய்யில்லை என்றார். ஆனால் அந்தக் குழாயில் இருப்பது ஐந்நூறு கிலோவுக்கு மேற்பட்ட ஒரு மிருகத்துக்கான அளவு. மனிதருக்கு எடை பார்த்து, எதற்காகக் கொடுக்கிறோம் என்று தெரிந்து, வேறு என்ன மருந்து எடுக்கிறார் என்று கேட்டுத்தான் கொடுக்க வேண்டும். கூடிப்போனால் நினைவு தடுமாறும், வலிப்பு வரும். மரியதாசன் எடுத்துக்கொண்டிருந்த இரத்த மருந்தோடு சேர்ந்தால் உள்ளே இரத்தம் கசியக் கூடும். குறைந்துபோனால் புழு மிஞ்சிவிடும்.

"அவர் பொழச்சிருக்கலாம் ஆன்ட்டி. அதனாலயே அப்பவே போயிருக்கவும் கூடும். எனக்குத் தெரியாது, யாருக்கும் தெரியாது. ஸ்டீராய்ட் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி ஒரு பிளட் டெஸ்ட் எடுத்திருக்கணும். அது உங்க கையில இல்ல."

உள்ளதைத்தான் சொன்னார். அது ஜெயமலருக்குப் போதவில்லை. எதைச் சொல்லியிருந்தாலும் போதாமல்தான் இருந்திருக்கும்.

அவளை எடை பார்த்தார்கள். புருஷன் இருந்தபோது எடுத்த எடையை விடப் பல கிலோ குறைந்திருந்தது. பழைய எடைக்கு நாலு குளிசை வந்திருக்கும். இப்போது மூன்று போதும் என்று ஷ்யாமளா திருத்தி எழுதினார். வெறும் வயிற்றில் தண்ணீரோடு எடுக்க வேண்டும், தலை சுற்றினால் வாகனம் ஓட்டக் கூடாது, இரண்டு வாரம் கழித்து அதே அளவு இன்னொரு முறை, அதற்கு மேல் தானாக ஒன்றும் எடுக்கக் கூடாது. டேகேர்ப் பிள்ளைகளுக்கு என்னால் ஏதும் வருமா என்று ஜெயமலர் கேட்டாள். பிள்ளைகளைத் தூக்குவதால், சோறூட்டுவதால் அது தொற்றாது, கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவினால் போதும் என்று சொன்ன பிறகும் அவள் ஒரு கிழமை முழுக்க லீவு போட்டாள்.

மருந்துக் கடையில் வரிசை நின்றது. மருந்தாளர் இளைஞர். பெயரைப் பார்த்ததும் நிமிர்ந்து, இது கொரோனாவுக்கா என்று கேட்டார். அவர் கேட்டது தப்பில்லை. எத்தனையோ பேர் வந்து தொல்லை கொடுத்திருப்பார்கள். இல்லை என்றாள் ஜெயமலர். அப்படியென்றால் எதற்கு என்றார். பின்னால் நின்றவர்கள் காது கொடுப்பது அவளுக்குத் தெரிந்தது. புழு என்ற ஆங்கிலச் சொல்லை அந்த வரிசையின் நடுவே நின்று சொன்னாள். அவர் மருத்துவரின் அலுவலகத்துக்குத் தொலைபேசி எடுத்து உறுதிப்படுத்திய பிறகு, வேறு என்ன மருந்து எடுக்கிறீர்கள் என்று கேட்டுத்தான் கொடுத்தார். மரியதாசனுக்கு ஸ்டீரொயிட் கொடுத்த நாளில் இப்படி ஒரு கேள்வி கேட்க யாருமில்லாமல் போய்விட்டதே என்று அவளுக்குத் தோன்றியது. வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அதே நினைவு.

ஆனால் மருந்தை அவள் எடுக்கவில்லை. குளிசைப் போத்தல் சமையலறைத் தட்டில் சீனிப் போத்தலுக்குப் பக்கத்தில் அப்படியே இருந்தது. நிலக்சி தினமும் தொலைபேசியில் கேட்பாள். நாளைக்கு என்பாள் ஜெயமலர். காரணம் அவளுக்கே சரியாகச் சொல்லத் தெரியவில்லை. அவருக்கு மறுத்ததைத் தான் விழுங்குவது அநியாயம் போல இருந்தது.

ஒரு சனிக்கிழமை நிலக்சி தான் இருக்கிற எடிசனிலிருந்து வந்தாள். வந்தவள் பேச்சோடு பேச்சாக, சித்தப்பாவுக்கு இருமலும் மூச்சு இழுப்பும் விடவில்லையாம், அங்கே ஒரு கிளினிக்கில் ஸ்டீரொயிட் குளிசை கொடுத்திருக்கிறார்களாம், நாளையிலிருந்து தொடங்கப்போகிறாராம் என்று ஆங்கிலத்தில் சொன்னாள். ஜெயமலர் கழுவிக்கொண்டிருந்த கோப்பையை அப்படியே விட்டுவிட்டுத் தொலைபேசியை எடுத்தாள். முப்பத்தோராம் நாளுக்குப் பிறகு அவருக்கு அவள் எடுத்த முதல் அழைப்பு.

"தம்பி, அந்தக் குளிசையைத் தொடங்காதையும். நீரும் அக்கராயன்ல எங்களோடதானே இருந்தனீர். முதல் இரத்தத்தைச் சோதிக்கச் சொல்லும்."

"எனக்கு ஒண்டும் இராது மச்சாள். நான்தான் அந்த மருந்தை அப்பவே எடுத்திட்டனே."

"எவ்வளவு எடுத்தனீர்?"

"விரல் நுனியில கொஞ்சம். சரியா ஞாபகமில்லை."

"ஞாபகமில்லாத ஒண்டை நம்பி இதைத் தொடங்காதையும். உம்மட அண்ணையை நான் பக்கத்தில இருந்து பாத்தனான்."

அவள் குரல் உயரவில்லை. மறுமுனையில் இருமல் கேட்டது. பிறகு சரி என்றார். அவர் சொன்னதை நம்பாமல் ஜெயமலர் நிலக்சியை அவர் மனைவியோடும் பேசச் சொன்னாள். கிளினிக்கில் கேட்க வேண்டிய பரிசோதனையின் பெயரை ஜெயமலரே எழுத்தெழுத்தாகச் சொல்லிக் கொடுத்தாள்.

மறுநாள் காலை, தேத்தண்ணி கூடக் குடிக்காமல், ஜெயமலர் மூன்று குளிசையையும் ஒரு கோப்பைத் தண்ணீரோடு விழுங்கினாள். இன்னொருவருக்குச் சோதித்துப் பார் என்று சொல்லிவிட்டுத் தான் போத்தலைப் பார்த்துக்கொண்டு இருக்க முடியவில்லை. லேசாகத் தலை சுற்றியது. ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். உடம்பில் வேறொன்றும் தெரியவில்லை. இவ்வளவுதானா என்று நினைத்தபோதுதான் அழுகை வந்தது. ஆஸ்பத்திரியிலும் அடக்கத்திலும் வராத அழுகை. நிலக்சி பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

பாக்கியதாசனின் பரிசோதனை முடிவு வர நாளெடுத்தது. அவர் தானே கூப்பிட்டார். இரத்தத்தில் இருக்கிறதென்று மட்டுமில்லை, மலத்திலும் உயிரோடு புழு இருந்ததாம். அந்தப் பசை அவருக்கும் ஒன்றும் செய்திருக்கவில்லை. இழுப்புக்கு ஸ்டீரொயிட் தேவைதான், ஆனால் முதலில் இதற்கு மருந்து என்று அங்குள்ள மருத்துவர் சொல்லிவிட்டார். சொல்லி முடித்தும் அவர் தொலைபேசியை வைக்கவில்லை.

"மச்சாள், நான் அண்டைக்கு மண்டபத்தில சொன்னது..."

"வெறும் வயித்தில எடும்," என்றாள் ஜெயமலர். "டொக்டர் சொன்ன எண்ணிக்கைக்கு மேல ஒண்டும் எடுக்காதையும். மிச்சத்தைப் பிறகு கதைப்பம்."

பிறகு அதை அவர்கள் கதைக்கவில்லை. பாக்கியதாசன் சுகமானார். முன்பு போலக் காணொளி அனுப்புவதில்லை. பெருநாளுக்கு வாழ்த்து மட்டும் வரும். அவரை மன்னித்தாளா என்று ஜெயமலரிடம் கேட்டால் அவளுக்குத் தெரியாது.

அவருடைய பரிசோதனை முடிவு தாயை விடுவித்துவிடும் என்று நிலக்சி நினைத்தாள். அப்படி நடக்கவில்லை. விரல் நுனியில் கொஞ்சம் எடுத்தவருக்கு மருந்து கேட்கவில்லை. மரியதாசன் எவ்வளவு எடுத்திருப்பார் என்று யாருக்குத் தெரியும். பசையை விட்டால், தோலில் ஊர்ந்த அந்தக் கோடு இருக்கிறது. தொலைபேசியில் ஒரு படம் எடுத்து மருத்துவரிடம் காட்டியிருக்கலாமே என்று நினைப்பாள். பிள்ளைகள் தூங்குகிற மதிய நேரத்தில், டேகேரின் பாதி இருட்டில், அந்த நினைப்புத் தவறாமல் வரும்.

இரண்டாவது தவணையும் எடுத்து, மாதங்கள் கழித்து மறுபடி இரத்தம் சோதித்தபோது அளவு நன்றாக இறங்கியிருந்தது. உங்க உடம்புல இப்ப அது இல்லன்னே எடுத்துக்கலாம் என்று ஷ்யாமளா சந்தோஷமாகச் சொன்னார். இனி எந்த மருத்துவரிடம் போனாலும் இந்த விபரத்தை முதலில் சொல்லுங்கள் என்றும் சொன்னார். ஜெயமலர் நன்றி சொல்லிவிட்டு எழுந்தாள்.

மாடிப்படி இறங்கும்போது நிலக்சி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். இருபத்தேழு வருடமாக மரியதாசனும் அவளும் தெரியாமலே சேர்ந்து சுமந்து வந்த ஒன்று. அவருடையது அவரோடு மண்ணுக்குப் போயிற்று. அவளுடையதும் இப்போது இல்லை. சந்தோஷப்பட வேண்டியதுதான். ஜெயமலர் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு படியில் சற்று நின்றாள். அம்மா, தலை சுற்றுகிறதா என்று மகள் கேட்டாள். இல்லை என்றாள். ரயிலுக்கு நேரமாகிவிட்டது, பின்னேரம் அவளுக்கு வேலை இருந்தது.